பத்திரிகையில் இல்லாத வாரம்

பத்திரிகையை, தோல் ஊறுகிற ஆவாரம்பட்டைத் தொட்டிக்குள் போட்டது நான்தான். யாரும் தள்ளிவிடவில்லை. ஒரு கையில் பத்திரிகை, மறுகையில் வேர்க்கடலைப் பொட்டலம். தொட்டித் தண்ணீரில் என் முகம் எப்படித் தெரிகிறது என்று குனிந்தேன். பார்க்க அவசரப்பட வேண்டிய முகமல்ல. தோலாக இருந்தால் பதமாகி வெளியே வந்திருக்கும். காகிதம், கூழாகிவிட்டது. வேர்க்கடலை பத்திரமாக இருந்தது.

ஆம்பூரில் எங்கள் டேனரியில் பதமான தோலுக்கு முத்திரை குத்துவது என் வேலை. அங்கே தமிழ் எழுத்து தெரிந்தவன் நான் ஒருவன்தான். மேஸ்திரி ஹமீத் பாய்க்கு உருது மட்டும். அதனால் இன்னொரு வேலையும் என் தலையில் விழுந்தது. வெள்ளிக்கிழமை மெட்ராஸ் ரயிலில் வாரப் பத்திரிகை வரும். மதியச் சோறு முடிந்ததும் அதிலுள்ள தொடர்கதையை நான் உரக்கப் படிக்க வேண்டும். ஒரு ஸ்டேஷன் மாஸ்டரும் அவர் மனைவி விமலாவும் வருகிற கதை. வாரம் முழுக்க அதே பேச்சுதான். பாலாற்றங்கரையில் பக்கத்து டேனரி ஆட்களைப் பார்த்தால், "உங்க பக்கம் இப்ப இன்னா கதை ஓடுது?" என்று கேட்பார்கள். எங்கள் ஆரோக்கியசாமி, "விமலா கதைக்கு வாங்கப்பா. மத்ததெல்லாம் கேட்டு காதை கெடுத்துக்காதீங்க" என்று சிபாரிசு செய்து கூட்டியே வந்துவிடுவான்.

எனக்குக் கவிழ்த்த பீப்பாய் ஒன்று ஆசனம். டீ அவர்கள் வாங்கித் தருவார்கள். என் வீட்டில் நான் வாயைத் திறந்தால் பூனைகூட எழுந்து போய்விடும். அந்தப் பீப்பாயின் அருமை எனக்குத்தான் தெரியும்.

தொட்டியில் விழுந்துவிட்டது என்று அன்று சொல்லியிருந்தால் நாலு திட்டோடு போயிருக்கும். ஆனால் கூட்டம் பெரிது. பழைய இதழ் ஒன்றை மடியில் விரித்துக்கொண்டு நானே சொல்ல ஆரம்பித்தேன். எனக்குக் கற்பனை கம்மி. பார்த்ததைத்தான் சொல்ல வரும். காலையில் வேலைக்கு வரும்போது, சுண்ணாம்புத் தொட்டியில் வேலை பார்க்கும் கன்னியப்பனின் மனைவி சுந்தரி, முந்தானைக்குள் எதையோ மறைத்தபடி ரயில்வே லைனைத் தாண்டிப் போனதைப் பார்த்திருந்தேன். ஆகவே விமலாவும் முந்தானைக்குள் எதையோ மறைத்தபடி லைனைத் தாண்டினாள்.

"யார் வூட்டுக்குப் போறா?" என்று யாரோ கேட்டார்கள்.

"அடுத்த வாரம்" என்று இதழை மூடினேன்.

"இந்த வாரம்தான்யா கதை சூடு புடிச்சிருக்குது. இத்தினி நாளா உப்பில்லாத கஞ்சி" என்றான் ஆரோக்கியசாமி.

அடுத்த வெள்ளிக்கிழமை பத்திரிகை பத்திரமாக வந்தது. அதில் விமலா மாமியாருக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். அதைப் படித்தால் கூட்டம் நிற்குமா? கஷாயத்தை விட்டுவிட்டு லைனுக்குப் போனேன். அதற்கடுத்த வாரமும் அப்படித்தான். விமலாவுக்குப் பச்சை வளையல் போட்டேன். சுந்தரியின் கையில் அதுதான் இருந்தது. அவளைப் போலவே இடது பக்கம் லேசாகச் சாய்ந்து நடக்க வைத்தேன்.

"இன்னாப்பா கன்னியப்பா, உன் வூடும் லைனாண்டதானே" என்று ஆரோக்கியசாமி ஒரு நாள் கிண்டல் செய்தான். எல்லோரும் சிரித்தார்கள். முதல் வாரங்களில் எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவன் கன்னியப்பன். அன்று சிரிக்கவில்லை. கேட்கிறவன் சிரிக்காவிட்டால் கதை உள்ளே இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

இதை ஒரு வியாதி என்றே சொல்ல வேண்டும். ஒருமுறை மாற்றிப் படித்துப் பழகிய நாக்கு பிறகு அச்சில் உள்ளதைச் சொல்லாது. கண் ஒன்றைப் பார்க்கும், வாய் வேறொன்றைச் சொல்லும். இதில் என் பங்கு எவ்வளவு என்று நானும் யோசித்துப் பார்த்திருக்கிறேன். பெரிதாக ஒன்றும் தென்படவில்லை.

ஒரு திங்கட்கிழமை மதியம் கன்னியப்பன் பீப்பாய் அருகே வந்து நின்றான். மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"சம்பத்து, முந்தானைல இன்னாடி மறைக்கறன்னு அவளக் கேட்டேன். புஸ்தகம்ன்றா. நான் படிக்கக் கூடாதுன்னு சொல்வேனாம், அதான் மறைச்சாளாம். அந்தாண்ட நர்ஸ் அன்னம்மா வூட்ல இரவல் வாங்கறாளாம். இதே கதைதானாம்."

"இருக்கட்டுமே" என்றேன்.

"அப்ப வெள்ளிக்கெழம கதையில இன்னா வந்துச்சு, சொல்லுன்னேன். விமலாவோட அண்ணன் ரங்கூன்லேர்ந்து வந்துட்டான், கதவத் தட்றான், அதோட முடிஞ்சுதுன்றா. நீ படிச்சதுல அண்ணனே இல்லியேப்பா."

பத்திரிகை என் பையில் இருந்தது. விமலாவின் அண்ணன் ரங்கூனிலிருந்து திரும்பி வந்து கதவைத் தட்டுவதோடுதான் அந்த வாரம் முடிந்திருந்தது. சுந்தரி மிஷன் பள்ளியில் படித்தவள். ஒன்றைக்கூட விடாமல் சொல்லியிருக்கிறாள்.

"அத எடு. அண்ணன் இருக்கானா பாரு" என்றான்.

எடுத்தேன். ஆரோக்கியசாமி பீடியை வாயிலிருந்து எடுத்துவிட்டு என்னையே பார்த்தான். இருக்கிறான் என்று சொன்னால் பீப்பாய் போய்விடும். அது பரவாயில்லை. இத்தனை வாரமும் இவன் நம்மை ஏமாற்றினான் என்று எல்லோரும் சிரிப்பார்கள். நான் சிரிக்க வைத்துப் பழகியவன், கேலிக்கு ஆளாகிப் பழக்கமில்லை. கடைசி வரிகளின்மேல் விரலை வைத்து, நிதானமாக ஓட்டிக் காட்டினேன்.

"நல்லாப் பாரு. இதுல அண்ணன் எங்க இருக்கான்?"

அவன் நன்றாகத்தான் பார்த்தான். பாவம், எழுத்து தெரியாதவன்.

அன்று மாலை, சுந்தரி சோறு கொடுத்தனுப்பிய தூக்குச் சட்டியில் கன்னியப்பன் சுண்ணாம்புக் குழம்பை அள்ளிக்கொண்டு போனான். வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போகிறான் என்று நினைத்தேன். போலீஸிலும் அப்படித்தான் சொன்னேன். பொங்கலுக்கு இன்னும் ஆறு மாதம் இருந்தது.

"இனிமே நீ எதப் படிக்கறன்னு பாக்கறேன்" என்று சொல்லித்தான் அவள் கண்ணில் ஊற்றினானாம். ஆஸ்பத்திரியில் எவ்வளவோ பார்த்தார்கள். இரண்டு கண்ணும் போயிற்று. உயிர் தங்கியதே பெரிது என்றார்கள்.

கோர்ட்டில் கன்னியப்பன், "கதையில வந்துச்சுங்க" என்றான். ஜனங்கள் சிரித்தார்கள். எந்தக் கதை, யார் படித்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்காததற்கு நானாகப் போய்ப் பதில் சொல்லவில்லை. அவனை வேலூர் ஜெயிலுக்குக் கொண்டுபோனார்கள்.

எனக்கு இளகின மனசு. சுந்தரி தன் தங்கை அம்சவேணி வீட்டுக்கு வந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டதும் அந்த வெள்ளிக்கிழமையே பத்திரிகையோடு போனேன். படித்துக் காட்டட்டுமா என்று கேட்டேன். "படிங்கண்ணா" என்றாள். அன்றிலிருந்து ஒரு வாரம் தவறியதில்லை. அம்சவேணி பீடி சுற்றியபடி மூலையில் இருப்பாள். படித்து முடித்ததும் பத்திரிகையை அங்கேயே வைத்துவிட்டு வருவேன். அடுப்புப் பற்ற வைக்கவாவது ஆகட்டும்.

கன்னியப்பன் கதையைக் குழப்பிக்கொண்டான் என்று அவள் நினைப்பதாகவே நம்பினேன். இருந்தாலும் மனசு சும்மா இருக்காது. "உனக்கு யார் மேலயாவது சந்தேகம் இருக்காம்மா?" என்று அவ்வப்போது கேட்பேன். "அடுத்த பக்கம் படிங்கண்ணா" என்பாள். விமலா கதை முடிந்து வேறு கதை வந்தது. அப்போதும் அதே பதில்தான்.

போன வெள்ளிக்கிழமை அவள் முகத்தைப் பார்த்தபோது எனக்கே தாங்கவில்லை. நாக்கு வியாதியைப் பற்றிச் சொல்லிவிட்டேன். ஆளை வைத்துச் சொல்லவில்லை, பொதுவாகத்தான். சில பேருக்குக் கண் ஒன்றைப் பார்க்கும், வாய் வேறொன்றைச் சொல்லும், அவர்கள்மேல் குற்றமில்லை என்றேன். பிறகு, "என்னை ஏம்மா இத்தனை நாளா உள்ளே விடறே?" என்று கேட்டேன்.

அம்சவேணியின் கை பீடி இலையோடு நின்றது.

"நீங்க போனதும் இவ அதே கதைய எனக்கு மறுபடி படிச்சுக் காட்டுவா" என்றாள் சுந்தரி. "இவளும் மிஷன் பள்ளியில படிச்சவதான். நீங்க படிச்சதும் இவ படிச்சதும் ஒண்ணா இருக்குதான்னு ஒத்துப் பாப்போம். அன்னிக்கு அண்ணன விட்டுட்டீங்களே, உங்களுக்கு நெஜமாவே ஒழுங்காப் படிக்க வராதோன்னு தெரிஞ்சுக்கத்தான் உள்ள விட்டேன். ஒரு வருஷமாச்சுண்ணா. ஒரு வரிகூட நீங்க மாத்தல."