பாதரட்சை இன்றி வருவேன்

இல்லக்கா, முகத்தைப் பாக்காமப் பேசுறேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. குதிகால் திருப்புற இடம் இது. சாக்ஸ் பின்னுறதுல இங்கதான் வம்பு, ஒரு கண்ணி நழுவுச்சுன்னா அம்புட்டையும் பிரிக்கணும். நீங்க பாட்டுக்குக் கேளுங்க. எனக்குச் சும்மா உக்காந்து ஆளுங்ககூடப் பேச வராது. கையில ஊசி இருந்தாத்தான் வாய் திறக்கும்.

அய்யோ, கேட்டுல நின்னே கேட்டுட்டீங்களா? பாப்பாவத் தூங்க வைக்கப் பாடுனேன். ஆமா, கைனோர் பாட்டுதான். மெட்டு தப்பு, தெரியும். சபையில ஆர்கன் வாசிக்கிறவங்க நீங்க, காதுல கல்லு விழுந்த மாதிரி இருந்திருக்கும். டோல்கெத்லி சந்தைக்கு ஆடு ஓட்டிட்டுப் போறவங்க மெட்டு அது. என்னமோ, அந்த வார்த்தைக்கு அதுவும் அப்படியே பொருந்துது. சபையில வருவேன்ங்கிற இடத்துல இழு இழுன்னு இழுப்பீங்கள்ல, என்னைக்கோ செத்த பிறகு வரப்போற மாதிரி. சந்தை மெட்டுல அதே வருவேன் ஒரு எட்டு வைக்கிற மாதிரி டக்குனு விழும். பாடிப் பாருங்க, கால் தானா நடக்கும்.

கைனோர் அந்தப் பாட்டைக் கட்டி நூறு வருசம் ஆச்சுன்னு புத்தகம் போடுறீங்கன்னு அவரு சொன்னாரு. எங்க வீட்டுக்காரரு, கெத்தின். கைனோர் வாழ்க்கைப்பட்ட வீடு இதுங்கிறதுல இந்தக் குடும்பத்துக்கே ரொம்பப் பெருமை. அதான் உங்களை உள்ள விட்டாங்க. சாப்பிடுங்கக்கா, பழரொட்டி நேத்துச் சுட்டது.

இருங்க. உள்ள வெண்ணெய் கடையிற சத்தம் நின்னுருச்சு.

ஆமாக்கா! கைனோரம்மா அவ்வளவு பக்தி! இந்த வாசப்படிய விட்டு எறங்குனதே இல்லையாம்! எப்பப் பாத்தாலும் முழங்கால்லதான் நிப்பாங்களாம்!

ம். திரும்பக் கடைய ஆரம்பிச்சுட்டாங்க. எங்க அத்தை. அவங்களுக்குப் பாம்புக் காது. மெதுவாவே பேசுவோம்.

அர்த்தமா? என்கிட்டப் போய்க் கேக்குறீங்களே. நான் நாலு எழுத்துப் படிச்சவ. போதகர் சொல்றதுதான் புத்தகத்துல வரும், வரட்டும். மோசே முள்ளுச்செடிகிட்ட பாதரட்சையக் கழட்டுனாருல்ல, அந்தத் தாழ்மைதான் பாட்டு முழுக்கன்னு சொல்வாரு. பூட்டிய கதவு மரணம்பாரு. ஒவ்வொரு சாவுக்கும் அதைத்தான் பாடுறோம்.

பாதரட்சை இன்றி வருவேன், நாதா,
பூட்டிய கதவைத் திறவும்;
கல்லும் முள்ளும் கடந்து வருவேன்,
கைப்பிள்ளையாய் எனை ஏந்தும்.

புத்தகத்துல அப்படித்தான் இருக்கு. எங்க அத்தை பாத்திரம் விளக்கும்போது முணுமுணுப்பாங்க பாருங்க, அதுல கைப்பிள்ளையாய்னு வராது. கைப்பிள்ளையோடேன்னு வரும். கைப்பிள்ளையோடே எனை ஏந்தும். அவங்க மாமியார் வாயிலேர்ந்து வந்ததாம். அச்சுப் போட்டவங்க மாத்திட்டாங்க போல. ஆண்டவருக்கு முன்னால நாமதான் குழந்தை, அதுதான் அழகா இருக்கும்னு நினைச்சிருப்பாங்க. ஆனா கைனோர் பிள்ளைய வச்சுக்கிட்டுத்தான் பாடியிருக்கா. உண்மையான பிள்ளை. நான் வேற எதுவும் சொல்லலக்கா, ஒரு வார்த்தை மாறியிருக்குன்னு மட்டும் சொல்றேன்.

இதை எழுதாதீங்க. அத்தை சொன்னாங்கன்னு எழுதவே எழுதாதீங்க.

எனக்கு எப்படித் தெரியுமா? அத்தையே சொன்னதுதான். பாப்பா பொறந்தப்ப எங்கம்மாவப் பாத்துட்டு வரேன்னேன். அபெரிஸ்ட்வித்ல இருக்காங்க. ஆடு குட்டி போடுற நேரம்னாங்க. சரின்னேன். அப்புறம் கேட்டேன், ஆட்டு மயிரு கத்திரிக்கிற நேரம்னாங்க. அப்புறம் வைக்கோலு. அம்மாவுக்கு உடம்புக்கு முடியலன்னு சேதி வந்துச்சு, பேத்தியக் கண்ணால பாக்கணும்னு கேட்டிருந்தாங்க. நான் பிள்ளையத் தூக்கிட்டு நடந்தேன். பஸ் நிக்கிற எடத்துல அவரு டிராக்டர்ல வந்துட்டாரு. திட்டல, ஒண்ணும் பண்ணல. ஏறுன்னாரு, ஏறிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை என் ஷூவ எடுத்து மாடிப்படிக்குக் கீழ அலமாரியில வச்சுப் பூட்டுனாங்க. சிரிச்சுக்கிட்டேதான். வீட்டுக்குள்ள இருக்கிறவளுக்கு சாக்ஸ் போதும்டி, கால் அரிச்சா சொறிஞ்சுக்கோன்னாங்க. அப்புறம் சொன்னாங்க, அந்தக் கைனோரு ஷூவும் இதே அலமாரியிலதான் கெடந்துச்சு, அவ அதுக்கு ஒரு பாட்டுக் கட்டுனா, ஊரே பாடுது, நீயும் வேணும்னா ஒண்ணு கட்டுன்னு.

அன்னைக்குத்தான் எனக்கு அர்த்தம் புரிஞ்சுச்சு. தாழ்மையாவது ஒண்ணாவது. அவகிட்ட ஷூ இல்ல. அவ்வளவுதான்க்கா.

அடிச்சாங்களான்னு கேக்காதீங்க. அவரு கை நீட்டுனதில்ல. அதான் யார்கிட்டயும் சொல்ல முடியல. ஷூவ எடுத்து வச்சுக்கிட்டாங்கன்னா யாரு நம்புவா, சிரிப்பாங்க. ரெண்டு மூணு வாரமா நான் சபைக்கு வரலயேன்னு நீங்ககூட நினைச்சிருப்பீங்க. பாப்பாவுக்கு இருமல்னு சொல்லிட்டாங்கள்ல? பாருங்க, எப்படித் தூங்குறா. எந்த இருமல்?

இப்பவே கூட்டிட்டுப் போறீங்களா? வேணாம்க்கா, உக்காருங்க. கெத்தின் களத்துலதான் நிக்கிறாரு, கேட்டுக்குப் போகணும்னா அவரைத் தாண்டித்தான் போகணும். உங்க ஷூவும் வேணாம். நீங்க வெறுங்கால்ல போனா ஊருக்கே தெரிஞ்சிரும்.

வியாழக்கிழமை பாட்டுப் பண்டிகை. எல்லாரும் சபையில இருப்பாங்க, அத்தைதான் முன்வரிசை, வீட்டுல நானும் பாப்பாவும் மட்டுந்தான். நீங்க ஆர்கன்ல. கைனோர் பாட்டு கடைசியில வரும், அதை எப்பவும் ரெண்டாவது வாட்டியும் கேப்பாங்க, மூணாவது வாட்டியும் பாடுவாங்க. நல்லா இழுத்து வாசிங்கக்கா. அன்னைக்கு இழுத்தா நல்லது.

என்ன, இந்த சாக்ஸா? ஆமா, சின்னக் காலுதான், இது அவருக்கு இல்ல. அடிப்பக்கம் தொட்டுப் பாருங்க, ரெண்டு மடிப்பாப் பின்னியிருக்கேன்.

சபை நடைக்கூடத்துல கண்ணாடிப் பெட்டி இருக்குல்ல. கைனோரம்மா ஷூ. பள்ளிக்கூடப் பிள்ளைங்கள கூட்டிட்டு வந்து காட்டுவாங்க, அடி தேயவே இல்ல பாருங்க, அவ்வளவு ஜெபம்னு. நான் அதை ரொம்ப நேரம் நின்னு பாத்திருக்கேன், கல்யாணமான புதுசுல, ஒண்ணும் தெரியாம. என் காலு அளவுதான் இருக்கும். ஒரு விரல் பெருசா இருக்கலாம். இத்தனை வருசத்துல தோலு விறைச்சுப்போயிருக்கும், கடிக்கும். அதுக்குத்தான் இந்த சாக்ஸ்.

பெட்டியத் தொடைக்கிறது நீங்கதானே, சாவி உங்ககிட்டதான் இருக்கும்.

திருடுறதுன்னு நினைக்காதீங்க. அவ போட்டு நடக்கவே இல்லையேக்கா.

புதன்கிழமை சாயந்தரம் வந்தீங்கன்னா, பாதை முனையில பால் கேன் வைக்கிற கல்லு மேடை இருக்கு. ஒரு சாக்குல சுத்தி அதுக்குப் பின்னால வச்சாப் போதும். அது வரைக்கும் நான் சாக்ஸோடவே—

தோ வந்துட்டேன் அத்தே! ஒண்ணும் இல்ல அத்தே, பாட்டைப் பத்தித்தான்! பக்தியாப் பேசிட்டு இருக்கோம்!

அக்கா, இடது கால் ஷூவுல நாடா இல்ல, பாத்திருக்கேன். மறக்காம ஒரு நாடா மட்டும் சேத்து—