சம்பந்தியின் உதடு

தொகியே: மெதுவாப் பேசுங்க... சம்பந்தி முழிச்சாச்சு.

ஷிகெனோபு: பார்த்துட்டுதான் வரேன். உதடு ரெண்டும் ஆவியில வெந்த பன்னு மாதிரி வீங்கிக் கிடக்கு.

தொகியே: ஐயோ! பத்து மணிக்கு நிச்சயதார்த்தம்! நேத்து மீன் ஒத்துக்கலையோ என்னவோ...

ஷிகெனோபு: மீனா? கட்டை விரல்லயும் தடிப்பு இருக்கு. நேத்து சாயங்காலம் என் மூங்கில் குழலை எடுத்து ஒரு மணி நேரம் ஊதினாரே, பிடிச்ச இடம் அது. அரக்கு கடிச்சிருக்கு, அந்த மரப்பால் தோல்ல பட்டா இப்படித்தான் தடிக்கும்.

தொகியே: அரக்கா? முப்பது வருஷத்துக் குழலுங்க அது.

ஷிகெனோபு: அதான் நானும் கேக்கறேன். கிண்ணத்துக்கு அரக்கு பூசுற பட்டறையில இருபது வருஷமா இருக்கே. காய்ஞ்சது கடிக்காது, புதுப் பூச்சுதான் கடிக்கும்னு நீதானே சொல்லுவே?

தொகியே: இப்ப ஆராய்ச்சிதான் முக்கியமா? ஐஸ் வைங்க.

ஷிகெனோபு: வெச்சாச்சு. அசரலை.

தொகியே: அப்போ அந்த ஆத்து நண்டை எடுங்க. பட்டறையில யாருக்காவது அரக்கு கடிச்சா, நசுக்கி அந்தச் சாறைத்தான் தடவுவோம்.

ஷிகெனோபு: அது விருந்துக்குப் பொரிக்க வாங்கினதுடீ!

தொகியே: கல்யாணமே நிக்கப் போகுது, உங்களுக்குப் பொரிச்ச நண்டு கேக்குதா? நசுக்குங்க!

ஷிகெனோபு: ஒண்ணு ஓடுது... பிடி, பிடி... அடுப்புக்கு அடியில!

தொகியே: விடுங்க அதை. இருக்கிறதைக் கொண்டுபோய்த் தடவுங்க.

...

தொகியே: வந்துட்டீங்களா? என்ன சொன்னார்?

ஷிகெனோபு: "உப்பு கம்மி"ன்னார்.

தொகியே: நக்கிட்டாரா!

ஷிகெனோபு: அதோட விட்டாரா? திரும்பக் குழலை எடுத்துட்டார். உதடு தடிச்சதும் நாதம் கனமா வருதாம். கேக்குதா?

தொகியே: ஐயையோ, போய்க் குழலைப் பிடுங்கிட்டு வாங்க!

ஷிகெனோபு: முதல்ல நீ சொல்லு. பூசினது யாரு?

தொகியே: அதுக்கு முன்னாடி நீங்க அந்த மாஸ்க்கைக் கழட்டுங்க.

ஷிகெனோபு: சளி...

தொகியே: ரெண்டு நாளா ஒரு தும்மல் இல்ல. கழட்டுங்கன்னா... அடப்பாவி மனுஷா! உங்களுக்குமா?

ஷிகெனோபு: எனக்குக் கொஞ்சமாத்தான்...

தொகியே: நம்ம பொண்ணு சயோரி கையைப் பிடிச்சு சத்தியம் பண்ணினீங்களே! சம்பந்தி வந்துட்டுப் போற வரைக்கும் குழலைத் தொட மாட்டேன்னு!

ஷிகெனோபு: முந்தாநாள்... கிடங்குல உக்காந்து... ஒரே ஒரு பாட்டு. மனசு கேக்கலை. அதை விடு, நீதானே பூசினே?

தொகியே: ஆமா, நான்தான்! வாய் வைக்கிற இடத்துல, பிடிக்கிற இடத்துல, மெலிசா ஒரு பூச்சு. போன வரன் எப்படிப் போச்சு? நீங்க நாற்பது நிமிஷம் ஊதினீங்க. எட்டு மணி ரயிலுக்கு நாலு மணிக்கே கிளம்பிட்டாங்க. அவ எப்படி அழுதா! உங்க வாயை அடைக்கணும்னு பூசினேன்... இப்ப என் கையாலயே கெடுத்துட்டேனே.

ஷிகெனோபு: நீ மட்டுமா? அவர் எடுத்தப்பவே "வேண்டாங்க, கடிக்குது"ன்னு நான் சொல்லியிருக்கணும். சொன்னா நான் ஊதினது வெளிய வந்துடுமேன்னு கம்முனு இருந்துட்டேன்.

தொகியே: தெரிஞ்சேவா! இவ்வளவு நேரம் என்னைப் போட்டுக் குடைஞ்சீங்களே... இருங்க, அடுக்களை வாசல்ல யாரு?

சம்பந்தியம்மா: நான்தான். தண்ணி குடிக்க வந்தேன்... கொஞ்ச நேரமாவே நிக்கிறேன்.

தொகியே: சம்பந்தியம்மா! எங்களை மன்னிச்சிடுங்க. சயோரிக்கு இதுல ஒண்ணுமே தெரியாது. சத்தியமாத் தெரியாது. அழகு நிலையத்துல கிமோனோ கட்டிக்கிட்டு இருக்கா பாவம்...

சம்பந்தியம்மா: எல்லாம் காதுல விழுந்துது.

ஷிகெனோபு: அப்போ... பத்து மணிக்கு...?

சம்பந்தியம்மா: நடக்கட்டும். இன்னொரு மாஸ்க் இருந்தா அவருக்குக் குடுங்க.

தொகியே: உங்களுக்குக் கோபமே இல்லையா?

சம்பந்தியம்மா: முப்பத்தொரு வருஷமா தினம் சாயங்காலம் எங்க வீட்டுல இந்தச் சத்தம்தான். ஊர்ல இன்னும் நாலு குழல் வெச்சிருக்கார். இனிமே நாம ஒரே குடும்பம், அதனால கூச்சப்படாம கேக்கறேன்... அந்த அரக்கு மிச்சம் இருக்கா?