நிலாவுக்குப் பல் வலி

பாப்கார்னுக்கு வெண்ணெயைக் கடைசியில்தான் ஊற்ற வேண்டும், தம்பி. முதலிலேயே ஊற்றினால் அடியில் இருப்பதெல்லாம் நமுத்துப்போகும். நீங்கள் விசாரிக்க வந்தது இதை இல்லை, தெரியும். ஆனால் வால்டர் ஹ்ருஸ்கா உள்ளே வந்தபோது நான் இதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

பிட்ஸ்பர்க்கில் இரும்பாலைகள் ஆளைக் குறைத்தபோது என் லூனா தியேட்டரும் மூடுகிற நிலைக்கு வந்தது. அப்போதுதான் ஹ்ருஸ்கா எடுத்த படம் மலிவு வாடகைக்குக் கிடைத்தது. நிலாவுக்குப் பல் வலி. பூமியிலிருந்து வைத்தியர் போகிறார். வைத்தியராக நடித்ததும் அவர்தான். பாறையெல்லாம் அட்டை, விண்கலம் தொங்கும் கயிறு பளிச்சென்று தெரியும். வந்த புதிதில் எல்லோரும் காறித் துப்பிய படம். என்னிடம் சிரிக்க வந்தவர்கள் மறுபடி வந்தார்கள், மறுபடியும் வந்தார்கள்.

பஸ் ஓட்டும் லென்னி ஞாயிறு தவறாமல் கல்யாண கவுன் போட்டுக்கொண்டு வருவான். தெருவில் அதற்கு அடி விழும். என் தியேட்டரில் அவன் நிலா ராணி. கிறுக்குப் படங்களுக்கு ஒரு நல்ல மனசு உண்டு, தம்பி. தானே கோணலாக இருப்பதால், யாரையும் நிமிர்ந்து நில் என்று அது அதட்டாது.

படம் பேசினால் கூட்டம் பதில் பேசும், அதுதான் வழக்கம். விண்கலத்துக்குள் மாட்டிக்கொண்ட வைத்தியர், "கதவைத் திறங்க, மூச்சு முட்டுது" என்று கதறுவார். கொட்டகை மொத்தமும், "பல்லு தேய்ச்சியா?" என்று கேட்டுத் தரையை உதைக்கும்.

"இந்தப் படத்தை நிறுத்துங்க இர்மா" என்றார் அன்றைக்கு வந்த ஹ்ருஸ்கா. படி ஏறி வந்ததிலேயே அவருக்கு நெஞ்சு விசிலடித்தது. "என் பொண்டாட்டி சாகக் கிடந்தப்ப எடுத்தது அது. அந்தக் கதறல் நடிப்பு இல்ல."

"எல்லாருக்கும் உங்கமேல உசிருங்க."

"சிரிப்பா சிரிக்கிறாங்க. இன்னிக்கு மேடையேறி எல்லாத்தையும் சொல்லிட்டு, படத்தை எடுத்துட்டுப் போயிடுவேன். உரிமை என்கிட்டதான் இருக்கு."

அந்த நேரம் லென்னி எட்டிப் பார்த்தான். "இர்மாக்கா, கவுன் பத்தல. நிலாவுக்குத் தொப்பை விழுந்திடுச்சு."

"பௌர்ணமிடா. உள்ள போ."

அவன் சிரித்துக்கொண்டே போனான். அவனை எங்கே அனுப்புவேன், சொல்லுங்கள். அந்தக் கதறலின் கதை தெரிந்தால் அப்புறம் யாருக்குச் சிரிப்பு வரும்?

படத்தின் மிச்சச் சுருள்கள் திரைக்குப் பின்னால் பழைய கரி அறையில் இருக்கின்றன என்றேன். அங்கே கரித்தூளைத் தவிர ஒன்றும் கிடையாது. புழுக்கத்துக்குக் கோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். நான் தாழ்ப்பாளைப் போட்டேன். படம் முடிகிறவரைக்கும்தான் என்று நினைத்தேன். கோட்டுப் பையில் மூச்சுக்கு இழுக்கிற மருந்துக்குழல் இருந்தது. வெளியிலிருந்தே தடவிப் பார்த்தேன். கோட்டை மடிப்புக் கலையாமல் மாட்டிவைத்தேன்.

படத்தை ஓடவிட்டு நானும் கீழே வந்து உட்கார்ந்தேன். அந்தக் காட்சி வந்தது.

"கதவைத் திறங்க, மூச்சு முட்டுது."

"பல்லு தேய்ச்சியா?"

படத்தில் அவர் ஒருமுறைதான் கதறுவார். அன்றைக்கு மறுபடியும் கதறினார். அதே குரல், திரைக்குப் பின்னாலிருந்து. நான் ஏதோ புதுசாக ஏற்பாடு செய்திருக்கிறேன் என்று கூட்டத்துக்கு ஒரே குஷி, ஒரே கைதட்டல். அவர் கதவைத் தட்டினார். இவர்கள் அதே தாளத்துக்கு உதைத்தார்கள். "இர்மா, திறங்க" என்றார். லென்னி எழுந்து நின்று, "அக்கா, உன் பேரையும் சேத்துட்டியா, கில்லாடி நீ" என்று கத்தினான். திரையில் கதவு திறந்து, வைத்தியர் நிலா மண்ணில் நடக்கத் தொடங்கிய பிறகும் அந்தக் குரல் கேட்டது. பிறகு மெலிந்தது. அவர்களுக்காகச் சொல்கிறேன், தம்பி, அந்தக் குழந்தைகளுக்கு ஒன்றும் தெரியாது. எனக்கு மட்டும்தான் தெரியும். எழுந்துபோய்த் திறக்க நாலு எட்டுதான். நானும் அவர்களோடு சேர்ந்து, "பல்லு தேய்ச்சியா?" என்று கேட்டேன்.

நான்தான் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இதையும் எழுதுங்கள்: அந்த மனுஷருக்கு ஆயுசில் யாரும் அப்படிக் கைதட்டியதில்லை. உள்ளே இருந்து அதைக் கேட்டுவிட்டுத்தான் நிம்மதியாகக் கண்ணை மூடியிருப்பார்.