உங்க இஷ்டம்

அவைக்கு அழகு சேர்த்து அமர்ந்திருக்கும் குடியிருப்போர் சங்கத் தலைவர் அவர்களே, நாற்காலி போட்டே நாடி தளர்ந்த செயலாளர் அவர்களே, முன்வரிசை முத்துக்களாம் மூத்தோர்களே, முணுமுணுத்தாலும் முகம் சுளிக்காத தாய்மார்களே! மாடிதோறும் வாழும் மாந்தர் அனைவருக்கும் இந்த ‘மைக் மாமா’வின் மாலை வணக்கம்.

நன்றியுரை சொல்லத்தான் அழைத்தார்கள். சொல்கிறேன். தலைவர் அதற்குள் கைக்கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம். முதலில் ஒரு சுவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

என் வீட்டு ஹாலுக்கு வண்ணம் பூசுகிறேன். பெயிண்டர் இரண்டு சாம்பல் நிறங்களைப் பக்கத்தில் பக்கத்தில் தடவிக் காட்டினார். ஒன்று மழைக்கு முந்திய மேகம். மற்றொன்று மழைக்குப் பிந்திய மேகம். வேறுபாடு எங்கே? வெளிச்சத்திலா? விழியிலா? விளக்கைப் போட்டுப் பார்த்தேன், அணைத்துப் பார்த்தேன், கண்ணாடியைக் கழற்றியும் பார்த்தேன். வெளியூரில் இருக்கும் மகளுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். “ஒரே போட்டோவை எதுக்குப்பா ரெண்டு தடவை அனுப்புறீங்க?” என்றாள்.

சிரியுங்கள், சிரியுங்கள். நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும் வீட்டில் வேறு சத்தம் இல்லை.

பெயிண்டரிடமே கேட்டேன். ஏணியில் நின்றபடி திரும்பிப் பார்த்தார்.

“உங்க இஷ்டம் சார்.”

தாய்மார்களே, அந்த இரண்டு சொற்களைக் கேட்டே குடும்பம் நடத்தியவன் நான். கடையில் திரைச்சீலை எடுத்தால், உங்க இஷ்டம். சோபாவில் கை வைத்தால், உங்க இஷ்டம். என் மனைவி அதைச் சொன்னால் என்ன பொருள்? அதோ, மூன்றாம் வரிசை அண்ணன் தலையை ஆட்டுகிறார், அனுபவசாலி! எடுத்ததை மறுபேச்சில்லாமல் வைத்துவிடு என்று பொருள். உதடு ஒப்புக்கொள்ளும், புருவம் மறுத்துவிடும். அந்தப் புருவம் பார்த்தே புடவை எடுத்தேன், பீரோ வாங்கினேன், பெண்ணுக்கு மாப்பிள்ளையும் பார்த்தேன்!

பெயிண்டரின் புருவத்தைப் பார்த்தேன். அசையவில்லை. அவர் நிஜமாகவே என் இஷ்டம் என்றுதான் சொன்னார். அவள் கண்ணை மூடிய பிறகுதான் அந்தச் சொல்லுக்கு அதன் நேரான அர்த்தம் வந்து சேர்ந்திருக்கிறது. சாப்பாடு என் இஷ்டம். தூக்கம் என் இஷ்டம். டிவி சத்தம் என் இஷ்டம். ஏன் என்று கேட்க ஆளில்லை, எதிர்த்துச் சொல்ல வாயில்லை. இவ்வளவு இஷ்டத்தை வைத்துக்கொண்டு, பெரியோர்களே, ஒரு மனிதன் என்னதான் செய்வான்?

நாளைக் காலையில் எந்த நிறம் என்று கேட்டுப் பெயிண்டர் வந்துவிடுவார். தலைவர் மணியைத் தொட்டுவிட்டார், முடித்துவிடுகிறேன். கூட்டம் கலைந்ததும் என் வீட்டுக்கு வாருங்கள், கதவு திறந்தே இருக்கும். சுவருக்கு முன்னால் நின்று சண்டை போடுங்கள். இரண்டுமே மட்டம் என்று சொல்லுங்கள். உங்க இஷ்டம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

என்னம்மா? கடைசி வரிசையில் என்ன சொன்னீர்கள்? கொஞ்சம் உரக்கச் சொல்லுங்கள்.

“கிரேயே வேணாம் மாமா. வீடு அழுது வடியும்.”

கேட்டீர்களா? எவ்வளவு காலம் கழித்து ஒருவர் என்னிடம் வேண்டாம் என்கிறார்! அந்தத் தாய்க்கு என் முதல் நன்றி. மிச்ச நன்றியை எல்லாம் என் ஹாலில் வைத்துச் சொல்கிறேன். வாருங்கள், வணக்கம்.