தொட்டுக் காட்டிய இடம்

இந்த அறையில் ஏர்கோன் கொஞ்சம் அதிகம், இன்ஸ்பெக்டர். எனக்குப் பரவாயில்லை. சிம்பாங் பூலாயில், பழைய ரப்பர்த் தோட்டத்து நிலத்தில் கட்டிய காய்கறிக் குளிர்க்கிடங்கில் ஒன்பது வருடம் வேலை பார்த்தவன் நான்.

அங்கே சூரிய மின்சாரத்துக்கு இரண்டு இன்வெர்ட்டர்களைச் சேர்த்து ஓட்டுகிறோம். இரண்டும் துளி பிசகினாலும் ஒன்றின் மின்சாரம் கிடங்குக்குப் போகாமல் மற்றதற்குள் புகுந்து வீணாகச் சுற்றும். இரண்டும் சூடேறும். அடுத்த கணம் என்ன நடக்கும் என்று முன்கூட்டியே கணித்து அதைத் தடுக்கிற புரோகிராமை நான்தான் எழுதினேன். முதலாளி என்னைக் கூட்டத்தில் எழுந்து நிற்கச் சொன்னார். எல்லாரும் கைதட்டினார்கள். எங்கள் ஊர் சிலிபினில், எங்கள் குடும்பத்தில் யாருக்கும் அப்படி நடந்ததில்லை.

ஆனால் அந்தப் புரோகிராம் சரியாக ஓடவில்லை. ஆகவே சுற்று மின்சாரம் எவ்வளவு இருந்தாலும் திரையில் பூஜ்ஜியம் காட்டும்படி செய்துவைத்தேன். தற்காலிகமாகத்தான்.

சுரேன் கண்டுபிடித்துவிட்டான். என் தங்கை பாப்பாவின் கணவன், என்னோடு வேலை செய்தவன். அவன் கத்தவில்லை.

"மச்சான், நீங்களே போய் முதலாளிகிட்ட சொல்லிருங்க லா. திங்கக்கிழமை வரைக்கும் பாக்குறேன். அப்புறம் நான்தான் சொல்லணும்."

நல்லவன். அதுதான் எனக்கு எரிச்சல்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. மீட்டர் எடுத்துவரச் சோம்பல்பட்டு, நான் சுவிட்சை அணைத்துவிட்டு வெறுங்கையால் கம்பியைத் தொட்டுக் காட்டுவேன். அதன்பிறகுதான் அவன் கை வைப்பான். ஆறு வருடமாக அப்படித்தான்.

திங்கட்கிழமை காலை ஒரு இன்வெர்ட்டரை மட்டும் அணைத்து, அதற்கு வரும் பேட்டரி இணைப்பையும் துண்டித்தேன். பேட்டரிப் பக்கத்துக் கம்பியைத் தொட்டுக் காட்டினேன். அதில் மின்சாரம் இல்லை. கிடங்குக்குப் போகும் மறுபக்கத்துக் கம்பிக்கு இரண்டாவது இன்வெர்ட்டரிலிருந்து மின்சாரம் வந்துகொண்டிருந்தது.

"ஓகேவா மச்சான்?"

"ஓகே லா."

அவன் மறுபக்கத்தைத் தொட்டான். தடுக்க எனக்கு நேரம் இருந்தது. எவ்வளவு நேரம் என்றுகூடக் கணித்திருந்தேன்.

பாப்பா என் தோளில் சாய்ந்து அழுதாள். "நீங்களாச்சும் பத்திரமா வேலை பாருங்கண்ணே," என்றாள். சரி என்றேன். எனக்கும் அழுகை வந்தது, அது நடிப்பில்லை.

கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். புரோகிராமில் கோளாறு என்று மட்டும் எழுத வேண்டாம். அவன் விழுந்ததும் திரும்பிப் பார்த்தேன், திரையில் பூஜ்ஜியம்தான் இருந்தது.