மூன்று கூறு ரவை

இந்தக் காலத்து ஆட்களுக்குப் பெட்டியைப் பார்த்துத்தான் சாமான் வாங்கத் தெரியும். பெட்டி பளபளப்பாக இருந்தால் உள்ளே கிடப்பதும் நல்லது. கடைக்காரன் சிரித்தால் விலையும் சரி. என் மகன் சிறிதரன் பெரிய எஞ்சினியர். தக்காளியைக்கூட அமத்திப் பார்க்காமல் வாங்கிவருவான். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். எதையும் கையில் எடுத்துப் பார்த்தால்தான் எனக்கு நம்பிக்கை. பார்த்த பிறகும் பாதி நம்பிக்கைதான்.

துவக்கில் போட்டுச் சுடுகிற ரவையும் அப்படித்தான். பழைய பட்டாளத்துத் திரீநோட்திரீ துவக்குக்குப் புதுக் கடை ரவை வாங்கிக் கட்டாது. பட்டாளம் கழித்துவிட்ட ரவைதான் மலிவு. ஆமிச் சாமான் விற்கிற கடைகளில் மரப்பெட்டியோடு கிடக்கும். பெட்டியில் எழுதியிருப்பதை நம்பக்கூடாது. அது மாற்றி அடைத்த பெட்டியாக இருக்கும். ஒவ்வொரு ரவையின் அடித்தட்டிலும் வருசம் குத்தியிருக்கும், அதைப் பார்க்கவேண்டும். பித்தளைக் கழுத்தில் மயிர்போல் வெடிப்பு ஓடுகிறதா, பச்சைக் களிம்பு பிடித்திருக்கிறதா, குண்டு விரலுக்கு ஆடுகிறதா என்று தடவிப் பார்க்கவேண்டும். சுட்டு முடிந்த உடனே குழாய்க்குள் கொதிதண்ணீர் விட்டுக் கழுவவேண்டும், இல்லாவிட்டால் பழைய ரவையின் உப்பு இரும்பைத் தின்றுவிடும். இரண்டாம் உலக யுத்தக் காலத்தில் திருக்கோணமலை வெடிமருந்துக் களஞ்சியத்தில் நான்கு வருசம் பெட்டி தூக்கியவன் நான். பிறகு முல்லைத்தீவில் வயலும் வேட்டையும். ரவையைப் பற்றி எனக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை.

மனைவி போன பிறகு, ஆயிரத்துத் தொளாயிரத்து எழுபத்தைந்தில், சிறிதரன் என்னை இங்கே சிட்னிக்கு எடுப்பித்தான். ஹோம்புஷில் மூன்றாம் மாடி. காலை ஏழு மணிக்கு அவனும் மருமகள் சந்திரகலாவும் வேலைக்குப் போய்விடுவார்கள். ஒரு நாள் கீழே இறங்கி நடந்து, திரும்பும் வழி தெரியாமல் நின்றேன். பொலிஸ்காரன் கொண்டுவந்து விட்டான்.

“மாமா, இனி வெளியில போகாதேங்கோ. இவருக்கு ஒஃபிஸில வெக்கமாப் போச்சு,” என்றாள் சந்திரகலா.

போகவில்லை. ஜன்னலால் ரயிலைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். எந்த ரயில் எத்தனை மணிக்கு வரும் என்று எனக்குப் பாடம். எங்கே போகும் என்றுதான் தெரியாது.

என்னை அந்த வீட்டிலிருந்து வெளியே எடுத்தவன் சிறிதரனுக்குத் தெரிந்த மகேந்திரராஜா, மகேந்திரன் என்றுதான் கூப்பிடுவோம். பாலம் கட்டுகிற கம்பனியில் வேலை. கிரவீனில் வீடு, மனைவி வைதேகி, ஒரு ஹோல்டன் கார். இரண்டு கிழமைக்கு ஒருமுறை சனிக்கிழமை விடிய வந்து மணி அடிப்பான்.

“அங்கிள், வெளிக்கிடுங்கோ. முயலெல்லாம் உங்களை எங்க எண்டு கேக்குது.”

எனக்கென்று ஒரு பழைய துவக்குக்கூடத் தன் பெயரில் வாங்கித் தன் வீட்டில் வைத்திருந்தான். மூன்றாவது ஆள் பார்த்தசாரதி, கும்பகோணத்து ஐயங்கார், ஆஸ்பத்திரி லாபில் வேலை. மலைக்கு அப்பால் ஒரு வெள்ளைக்காரனின் ஆட்டுப் பண்ணை. அங்கே மகேந்திரனும் நானும் பன்றிக்கும் முயலுக்கும் சுடுவோம், பார்த்தசாரதி வெற்று டின்னுக்குச் சுடுவான்.

“தகர டப்பாவுக்கு உயிர் கிடையாது மாமா. பாவம் வராது.”

“சாரதி, உந்த டின்னுக்குள்ள இருந்தது மாட்டிறைச்சி. அந்தப் பாவம் ஆருக்கு?” என்பான் மகேந்திரன்.

ரவைப் பெட்டியை மூவரும் சேர்ந்து வாங்குவோம். தெரிந்தெடுப்பது நான், கூறு போடுவதும் நான். ஊரில் பங்கு ஆடு அடித்தால் எப்படிப் போடுவோமோ அப்படி. ஒவ்வொரு கூற்றிலும் ஈரல் கொஞ்சம், எலும்பு கொஞ்சம், கொழுப்பு கொஞ்சம் இருக்கவேண்டும். பிறகு ஒருவர் கூற்றைத் தொட்டு, இது யாருக்கு என்று கேட்க, முதுகு காட்டி நிற்பவர் பெயர் சொல்வார். ரவையையும் வருசம் கலந்து அப்படியே போட்டேன். குறி பார்க்கிறவனுக்கு அது சரியான முறை இல்லை, வருசத்துக்கு வருசம் ரவை வேறு இடத்தில் விழும். ஆனால் நல்லதும் கெட்டதும் சமமாகப் போனால் ஒருவரும் என்னைப் பார்த்து வாய் திறக்க முடியாது.

அந்த மார்கழி வாங்கிய பெட்டியில் இரண்டு வருசத்து ரவை இருந்தது. ஐம்பத்திநாலு இரண்டு பங்கு, நாற்பத்தொன்று ஒரு பங்கு. பண்ணையில் மற்ற இருவரும் தேத்தண்ணீர் வைக்கும்போது நான் வேலியோரம் போய் இரண்டு வருசத்திலும் ஆறாறு போட்டுச் சுட்டுப் பார்த்தேன். ஐம்பத்திநாலு சுத்தம். நாற்பத்தொன்றில் இரண்டு உடனே வெடிக்கவில்லை. டிக் என்றது. துவக்கை அசைக்காமல் பிடித்து எண்ணினேன். மூன்று எண்ணும்போது வெடித்தது.

அப்படிப்பட்ட ரவை பொல்லாதது. டிக் என்றால் முப்பது எண்ணும்வரை துவக்கின் பின்பூட்டான போல்ட்டைத் திறக்கக்கூடாது. திறந்தால் வெடி பின்பக்கம் வரும். களஞ்சியத்தில் ஒருவனுக்கு வந்தது. அவனைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன். ஆனால் மகேந்திரனுக்கு நான் முதலில் பழக்கியது வேறு. அப்போது எங்களிடம் நல்ல ரவை. டிக் என்றால் உடனே கழற்றி எறி, பன்றி உனக்காக நிற்காது என்று சொல்லியிருந்தேன்.

திரும்பி வரும்போது காரில் சொல்லுவோம் என்றுதான் இருந்தேன். இது உண்மை. ஆனால் அவன் முந்திக்கொண்டான்.

“அங்கிள், ஒரு விசயம். கம்பனி என்னைப் பேர்த்துக்கு மாத்துது. மாசியில போறம்.”

பேர்த் எவ்வளவு தூரம் என்று கேட்டேன். ரயிலில் மூன்று நாள் என்றான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணை மூடிக்கொண்டேன். ரவையைப் பற்றிப் பிறகு பேசவில்லை.

அடுத்த ஞாயிறு அவன் கராஜில் கூறு போட்டேன். பேப்பர் விரித்து மூன்று கூறு, கூறு இருநூறு. இந்த முறை கலக்கவில்லை. நாற்பத்தொன்று முழுவதையும் ஒரு கூற்றில் வைத்து, மேலே ஐம்பத்திநாலில் ஒரு பிடி தூவினேன். பார்த்தசாரதி சுவரைப் பார்த்து நின்றான். அவன் எப்போதும் ஒரே ஒழுங்கில்தான் பெயர் சொல்வான், முதலில் மகேந்திரன், பிறகு மாமா என்று என்னை, கடைசியில் தன்னை. நான் அந்தக் கூற்றை முதலில் தொட்டேன். அவ்வளவுதான் என் கை செய்தது. பெயரைச் சொன்னது ஐயங்காரின் வாய்.

கையில் ஒரு காயம் பட்டால் போதும் என்று நினைத்தேன். ஒரு மாதம் கட்டுப்போட்டுக் கிடந்தால் கம்பனி வேறு ஆளைப் பேர்த்துக்கு அனுப்பும். காயம் ஆறும். சனிக்கிழமை மணி அடிக்கும். இதில் அவனுக்கும் பெரிய நட்டமில்லை, வைதேகிக்கும் சிட்னிதான் பிடிக்கும்.

தை மாதம் பண்ணைக்குப் போனோம். காலை எட்டு மணி இருக்கும். வாய்க்கால் ஓரம் ஒரு பன்றி நின்றது. மகேந்திரன் முழங்காலூன்றிக் குறி பார்த்தான். நான் பத்து அடி பின்னால். டிக் என்றது. தம்பி, திறக்காதே என்று சொல்ல நேரம் இருந்தது. நான் மனத்துக்குள் எண்ணினேன். ஒன்று என்றேன். இரண்டு வருமுன் அவன் போல்ட்டை இழுத்துவிட்டான்.

வலக்கண் போய்விட்டது. இரண்டு விரலும் போயின. பழைய ரவையால் வந்த விபத்து என்று பொலிஸ் எழுதிக்கொண்டு போனது. என்னிடம் அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. இங்கிலீஷ் தெரியாத கிழவனிடம் என்னத்தைக் கேட்பது.

மூன்றாம் கிழமை பார்த்தசாரதி வந்தான். கதிரையில் இருக்கவில்லை. இரண்டு பையை மேசையில் கொட்டினான்.

“மாமா, இது அவரோட மீதி. மேலாக்கக் கொஞ்சந்தான் அம்பத்திநாலு, கீழ எல்லாம் நாப்பத்தொண்ணு. இது என்னோடது. ஒண்ணுகூட நாப்பத்தொண்ணு இல்ல. நீங்க எப்பவும் கலந்துதானே போடுவேள்?”

நான் ரவைகளைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். மூன்று கூற்றிலும் ஒரு பிடி கலந்திருந்தால் இவன் என்னிடம் வந்திருக்கமாட்டான்.

“ஓம்,” என்றேன். “இந்த முறை கலக்கேல்லை.”

“தெரிஞ்சேவா?”

“தெரிஞ்சுதான்.”

அவன் என்னைத் திட்டவில்லை. காரில் ஏற்றிக் கிரவீனுக்குக் கொண்டுபோனான். மகேந்திரன் தலையில் கட்டோடு கட்டிலில் சாய்ந்திருந்தான். நான் உங்களுக்குச் சொன்ன அத்தனையையும் அவனுக்குச் சொன்னேன். எண்ணியதையும் சொன்னேன். வைதேகி வாசலில் நின்று கேட்டாள்.

மகேந்திரன் மற்றக் கண்ணால் என்னைப் பார்த்தான்.

“அங்கிள், பேர்த்தில மூண்டு அறை வீடு பாத்தது ஏன் எண்டு நினைக்கிறியள்? ஒண்டு உங்களுக்கு. சிறிதரனோட கதைச்சு ஒப்புக்கொள்ள வச்சிட்டன். அண்டைக்குக் கார்ல அதைத்தான் சொல்ல வந்தனான். நீங்கள் நித்திரை எண்டு விட்டிட்டன்.”

நான் வாசல் பக்கம் திரும்பினேன்.

“நம்பாட்டி உங்கட மகனைக் கேளுங்கோ,” என்றாள் வைதேகி. “ஹோலில டெலிபோன் இருக்கு. கேட்டிட்டு, பிறகு இந்த வீட்டுப் படி மிதியாதேங்கோ.”

ஹோலில் டெலிபோன் இருந்தது. மகனின் நம்பர் எனக்குப் பாடம். நான் அதைத் தாண்டிக் கதவைத் திறந்து தெருவுக்கு வந்தேன். பார்த்தசாரதி காரைப் பின்னால் மெல்ல உருட்டிக்கொண்டு வந்தான். நான் ஏறவில்லை. பென்டில் ஹில் ஸ்டேஷன் எந்தப் பக்கம் என்று கேட்டேன். கையைக் காட்டினான். நடந்தேன்.

நான் செய்ததை மறுக்கவில்லை. பொலிஸ் வந்து கேட்டாலும் இதையே சொல்வேன். ஆனால் எனக்கென்று ஓர் அறை பார்த்தார்கள் என்ற கதையை நான் நம்பவில்லை. கேட்டிருந்தால் சிறிதரனும் ஓம் என்றுதான் சொல்லியிருப்பான். அதனால்தான் கேட்கவில்லை.