டூல்பார் விழுங்கிய வார்த்தைகள்

மூன்று முறை மணியடித்தும் அடங்காத இந்த அவையை ஒற்றை இருமலால் அடக்கிவிட்டு, ஒன்றும் அறியாதவர் போல வீற்றிருக்கும் தலைவர் அவர்களே! ஆணிக்கும் பூட்டுக்கும் அதிபதியான இரும்புக்கடை ஏந்தலே! அவருக்கு இருபுறமும் அமர்ந்திருக்கும் கடைத்தெருச் சங்கத்தின் பெரியோர்களே! நாற்காலி கிடைக்காமல் சுவரில் சாய்ந்து நிற்கும் தோழர்களே! பிள்ளைகளை மடியிலும் பைகளைக் காலடியிலும் வைத்துக்கொண்டு, 'இந்த மனுஷன் எப்போது முடிப்பான்?' என்று இப்போதே பார்த்திருக்கும் தாய்மார்களே! பாராட்டு விழா என்றதும் பின்வாசல் வழியே ஓடப் பார்த்து, பிடித்து வந்து உட்காரவைக்கப்பட்டிருக்கும் விழா நாயகியே! கணினி பழுதுபார்க்கும் எங்கள் அன்புத் தங்கையே! இந்தத் தெருவே 'டிக் அக்கா' என்று வாய் நிறைய அழைக்கும் பெருமாட்டியே! அனைவரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

நான் மேடையேறிப் பதினான்கு மாதங்கள் ஆகின்றன. மாதத்துக்கு மூன்று மேடை கண்டவன் நான். மைக்கைப் பிடித்தால் விடமாட்டான் என்று பெயரெடுத்தவன். என்ன தம்பி, அங்கே சிரிப்பு? ஆமாம், உன் கல்யாணத்தில் சாப்பாடு ஆறிப்போனது என் வாழ்த்துரையால்தான். ஒப்புக்கொள்கிறேன்.

அப்படிப்பட்ட வாயாடி ஏன் வாயை மூடினேன்? என் மனைவிக்குத் தொண்டையில் அறுவைச் சிகிச்சை நடந்தது. உயிரை மீட்டுக் கொடுத்த மருத்துவர்களால் குரலை மீட்டுக் கொடுக்க முடியவில்லை. முப்பத்தோரு ஆண்டுகளாக என் ஒவ்வொரு பேச்சையும் சமையலறையில் முதலில் கேட்டு, "ரொம்ப நீளம்" என்று வெட்டித் தள்ளியவள் அவள். குரலை இழந்தவள் எதிரில் நின்று குரலை வைத்து வித்தை காட்டுவதா? கூடாது என்று முடிவெடுத்தேன். மேடைகளை மறுத்தேன். வீட்டிலும் தலையாட்டுவேன், கையைக் காட்டுவேன், அவ்வளவுதான். அதைப் பெரிய தியாகம் என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன், மடையன்!

பேச்சுப் பயிற்சி தரும் அம்மையார் ஒருவர் எங்களுக்கு ஒரு வழி காட்டினார். இணையத்தில் ஒரு பக்கம் இருக்கிறதாம். அதிலுள்ள கட்டத்தில் தட்டச்சு செய்து என்டரைத் தட்டினால், எழுதியதைக் கணினியே வாய்விட்டுப் பேசுமாம். முதல் நாள் அவள் ஒற்றை விரலால் தேடித் தேடித் தட்டினாள். கணினி பேசியது: "என்னங்க, பால் பொங்குது, அடுப்பை அணைங்க!" ஓடினேன் ஐயா. பால் பாதி வழிந்துவிட்டது. அடுப்பு முன்னால் நின்று நான் அழுதது பாலுக்காக அல்ல என்று சொல்லவும் வேண்டுமா?

அங்கேதான் என் புத்தி வேலை செய்தது. திரையில் எழுத்து சிறிதாக இருக்கிறது, அவள் கண்ணைச் சுருக்குகிறாள் என்று கண்டேன். எழுத்தைப் பெரிதாக்கும் மென்பொருள் ஒன்று இலவசமாகக் கிடைத்தது. இறக்கினேன். 'அடுத்து' என்றது, அமுக்கினேன். 'ஒப்புக்கொள்கிறேன்' என்றது, அமுக்கினேன். மறுபடி 'அடுத்து', மறுபடி அமுக்கு! அவையோரே, என் தொழில் என்ன? அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பவன்! ஒற்று விடுபட்டால் கண்டுபிடிப்பேன், காற்புள்ளி நழுவினால் கையும் களவுமாகப் பிடிப்பேன். ஊரார் எழுத்தையெல்லாம் உற்று உற்றுப் படித்தவன், என் வீட்டுக் கணினி கேட்ட கேள்வியில் ஒன்றைக்கூடப் படிக்கவில்லை.

விளைவு? உலாவியின் மேலே டூல்பார் என்று ஒரு கருவிப்பட்டை வந்து உட்கார்ந்தது. அதன் கீழே இன்னொன்று. அதற்கும் கீழே வானிலை சொல்ல ஒன்று. 'உங்கள் கணினி ஆபத்தில் இருக்கிறது' என்று அலற ஒன்று. எழுத்தைப் பெரிதாக்கப் போய்ப் பக்கத்தைச் சிறிதாக்கிவிட்டேன்.

அதோடு போனதா? பேசும் பக்கத்தைத் திறந்த மாத்திரத்தில், அந்த டூல்பாரின் தேடல் கட்டம் முந்திக்கொண்டு கர்சரைப் பிடுங்கிக்கொள்ளும். அவள் தட்டுவதெல்லாம் அதற்குள் போகும். "முதுகு வலிக்குது" என்று தட்டினால் மெத்தை விளம்பரம் வரும். "மழை வருது, துணியை எடுங்க" என்றால் வண்ண வண்ணக் குடைகள் வரும். சிரியுங்கள், சிரியுங்கள். எனக்கும் இப்போது சிரிப்புத்தான் வருகிறது. அன்று வரவில்லை. கணினிக்குப் புதியவள், தன்மேல்தான் தப்பு என்று நினைத்துவிட்டாள். விளம்பரத்தை மூடுவாள், எழுந்து போவாள். நானோ அச்சகத்தாள்களைப் பரப்பிக்கொண்டு அடுத்த அறையில் இருப்பேன். மூன்று வாரம் கழித்து, மளிகைக் கணக்கு எழுதும் எங்கள் வீட்டு வெள்ளைப் பலகையில் எழுதிக் காட்டினாள்: "எனக்கு இது வராது. மூடி வச்சிடுங்க."

கையில் கிடைத்த குரலை அவளே திருப்பித் தருகிறாளே என்று பதறிப்போனேன். மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு, அவளையும் அழைத்துக்கொண்டு, நேரே டிக் அக்கா கடைக்கு வந்தேன். மூன்று ஸ்டூல், ஒரு மேசை, திறந்து கிடக்கும் நான்கு கணினிகள். அவ்வளவுதான் அந்தக் கடை.

"அண்ணே, இலவசமா எதையாவது இறக்குனீங்களா?"

"ஒண்ணே ஒண்ணுதாம்மா."

"எல்லாரும் ஒண்ணுன்னுதான் சொல்வாங்க. உக்காருங்க. ஒவ்வொரு வரியா வாய்விட்டுப் படிங்க. நீங்க படிச்சாத்தான் நான் அமுக்குவேன்."

இதுதான் அந்தக் கடையின் சட்டம். வக்கீல் வந்தாலும் சரி, வாத்தியார் வந்தாலும் சரி, பக்கத்தில் உட்கார்ந்து வாய்விட்டுப் படித்தே ஆக வேண்டும். நிறுவிய மென்பொருள்களைத் தேதி வாரியாக அடுக்கினார். "உங்க எழுத்து மென்பொருள் வந்த அதே நாள்ல வந்தது எல்லாமே கூட்டாளிங்கதான், படிங்க." படித்தேன். ஏழு பேர்! ஒவ்வொருவரையும் வெளியேற்றும்போது, 'எங்களைப் பிரிய உங்களுக்கு மனம் வருகிறதா?' என்று ஒருவன் கெஞ்சினான். 'இருக்கட்டும்' என்பதைப் பச்சையில் பெரிதாகவும், 'நீக்கு' என்பதைச் சாம்பல் நிறத்தில் பொடியாகவும் காட்டினான் இன்னொருவன். "மங்கலா இருந்தா செத்த பட்டன்னு நினைக்காதீங்க அண்ணே. அதுதான் நமக்கு வேண்டிய பட்டன். இனிமே எதை இறக்கினாலும் 'விரைவு நிறுவல்' பக்கமே போகாதீங்க. அவங்களே போட்டு வச்சிருக்கிற டிக்கை ஒண்ணொண்ணா எடுங்க."

ஆறு பேர் போனார்கள். ஏழாவது, அந்தக் கர்சர் திருடன். அங்கே டிக் அக்காவின் கை நின்றது.

"அண்ணே, இதைத் தூக்குனா இந்தக் கட்டத்துல தட்டினதெல்லாம் சேர்ந்து போயிடும். என்ன இருக்குன்னு பாத்துடலாம். படிங்க."

சட்டம் சட்டம்தானே? கணீரென்று படித்தேன். "ஃபேனைக் குறைங்க." "சட்டையில மூணாவது பட்டன் இல்ல, அப்படியே போகாதீங்க." "மாத்திரை போட்டாச்சு." படிக்கப் படிக்கப் புரிந்தது. இவையெல்லாம் எனக்கு வந்து சேராமல் போன வார்த்தைகள். பக்கத்து ஸ்டூலில் என் மனைவி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "என் மேல கோபமா?" அடுத்த வரியும் "என் மேல கோபமா?" அதற்கடுத்ததும் அதுவே. கடைசி வரிக்கு வந்தேன். அதையும் படித்தேன்.

"பேசுங்க. எனக்குக் குரல்தான் போச்சு, காது போகல."

தாய்மார்களே, அந்த நேரத்தில் டிக் அக்கா என்ன செய்தார் தெரியுமா? மவுஸை வைத்துவிட்டு, "டீ சொல்லிட்டு வரேன்" என்று எழுந்து போனார். டீ வரவே இல்லை! வாசலில் நின்றுகொண்டு, வந்தவர்களையெல்லாம், "கொஞ்சம் பொறுங்க, உள்ளே பெரிய ரிப்பேர் நடக்குது" என்று நிறுத்தி வைத்திருக்கிறார். அந்த அரைமணி நேரமும் நான் அவளிடம் பேசினேன். பதினான்கு மாதப் பேச்சையும் பேசினேன். மன்னிப்பும் கேட்டேன். பிறகு அந்த ஏழாவது டூல்பாரை என் கையாலேயே நீக்கினேன். அவள் பேசும் பக்கத்தைத் திறந்து தட்டினாள். கணினி பேசியது: "மேடைக்கு எப்பப் போறீங்க?"

இதோ வந்துவிட்டேன்!

தங்கையே, ஒரு நொடியில் எல்லாவற்றையும் துடைத்துப் போட்டிருக்கலாம் நீங்கள். கேட்பார் யார்? தடுப்பார் யார்? ஆனால் படிக்காமல் எதற்கும் 'ஆம்' சொல்லாதே என்றீர்கள், படிக்காமல் எதையும் அழிக்காதே என்றும் சொன்னீர்கள். அதனால் அல்லவா அவள் சொன்னது எனக்குக் கேட்டது! நன்றி அம்மா, நன்றி! உயிர் காத்த மருத்துவர்களுக்கு நன்றி, வழிகாட்டிய அம்மையாருக்கு நன்றி. அந்த டூல்பாருக்கும் ஒரு நன்றி சொல்லிவிடட்டுமா? கூடவே கூடாது என்று நாயகி கையை ஆட்டுகிறார். சரி, அது மட்டும் இல்லை.

துண்டுச்சீட்டு வருகிறது. 'சுருக்கமாக முடிக்கவும்.' தலைவர் அவர்களே, உங்கள் சீட்டுக்கு நான் என்றைக்குக் கட்டுப்பட்டிருக்கிறேன்? இன்னும் பத்தே நிமிடம்...

ஒரு நிமிஷம். மூன்றாவது வரிசையில் என் மனைவியின் மடிக்கணினி ஏதோ பேசுகிறது. அமைதியாக இருங்கள். அம்மா, இன்னொரு தடவை என்டரைத் தட்டு, எல்லோரும் கேட்கட்டும்.

கேட்டீர்களா? "ரொம்ப நீளம்" என்கிறாள்!

இந்த ஒரு சொல்லுக்காகத்தானே பதினான்கு மாதம் ஏங்கிக் கிடந்தேன். இதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்? பொறுமையோடு கேட்ட உங்கள் காதுகளுக்கெல்லாம் நன்றி கூறி, என் வீட்டுத் தலைவியின் ஆணைப்படி, வணங்கி அமர்கிறேன்.